கடைமடைக்கு கிளாஸ் போய்ச் சேருமா?

நான் ஒரத்தநாட்டுக்காரன். என் வேலை என்னன்னு ஒரே வார்த்தையில சொல்ல வராது. எங்க பக்கத்துல ஒரு கல்லூரி. அங்க ஆன்லைன்ல பாடம் நடத்துற ஆசிரியருக்கோ, படிக்கிற பிள்ளைக்கோ எங்கேயாவது மாட்டிக்கிச்சுன்னா ஒருத்தனைக் கூப்பிடுவாங்க இல்லையா, அந்த ஆள் நான்தான். சம்பளப் பட்டியல்ல என் பேருக்கு நேரா "ஆய்வக உதவியாளர்"னு போட்டிருக்கும். பசங்க "மூடில் அண்ணன்"னு கூப்பிடுவாங்க. மூடில்ங்கிறது நாங்க பாடம் ஏத்தி வைக்கிற மென்பொருள். அதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன், ஏன்னா ஊர் தெரியாம இந்த விஷயம் புரியாது. தஞ்சாவூர்லேர்ந்து பட்டுக்கோட்டை போற வழியில இருக்கு ஒரத்தநாடு. பழைய பேரு முக்தாம்பாள்புரம். மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி முக்தாம்பாள் நினைவா கட்டின சத்திரம் இன்னும் இங்க நிக்குது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட இடம். இப்ப ஊர்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 2012ல வந்தது. பெண்களுக்கு அரசு கலைக் கல்லூரி இருக்கு. கொஞ்சம் தள்ளி ஈச்சங்கோட்டையில வேளாண்மைக் கல்லூரி, அதுக்கு இப்ப எம்.எஸ்.சுவாமிநாதன் பேரு. சின்ன ஊருக்கு இவ்வளவு காலேஜ்! படிப்புக்குக் குறைச்சலே இல்லை. சிக்னலுக்குத்தான் குறைச்சல்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க வயலுக்குத் தண்ணி வர்றது கல்லணைக் கால்வாய்ல. மேட்டூர் அணை வந்த 1934லதான் இதுவும் வந்துச்சு, அதனால பெரியவங்க இன்னும் "புது ஆறு"ன்னுதான் சொல்வாங்க. கால்வாயோட தலைப்புல இருக்கிறவன் மடையைத் திறந்தா தண்ணி. கடைசியில இருக்கிறவனுக்கு, மேல இருக்கிற எல்லாரும் பாய்ச்சி முடிச்ச பிறகு மிச்சம் இருந்தாத் தண்ணி. அந்தக் கடைசி வயலுக்குப் பேருதான் கடைமடை. அணையில எத்தனை அடி இருக்குன்னு டிவியில தினமும் சொல்வாங்க. கடைமடைக்காரன் அதைக் கேட்டுட்டு வரப்புல போய் நின்னு பார்ப்பான். அணையில இருக்கிறது வேற, வயல்ல நிக்கிறது வேற.

ஆன்லைன் படிப்பைப் பத்திப் பேசற எல்லாரும் அணையைப் பத்தியே பேசறாங்க. எத்தனை ஜிபி, எத்தனை லேப்டாப், எத்தனை கோர்ஸ். நான் இன்னைக்குக் கடைமடையைப் பத்திப் பேசப் போறேன்.

2020 மார்ச்ல காலேஜை மூடினாங்க. கொஞ்ச நாள்ல எல்லா இடத்துலயும் போன்ல கிளாஸ். அந்த வருஷம் டெல்டாவுல இன்னொரு விசேஷம். ஜூன் 12ஆம் தேதி, அதாவது வழக்கமான தேதியிலேயே, மேட்டூர் அணையைத் திறந்தாங்க. எட்டு வருஷத்துக்கு அப்புறம் நடந்த விஷயம். உங்களுக்கு இது சாதாரணச் செய்தியா இருக்கலாம். எங்களுக்கு அதுக்கு அர்த்தம் குறுவை உண்டு, நடவு உண்டு, வீட்டுல இருக்கிற எல்லாக் கைக்கும் வேலை உண்டுங்கிறது. டைம்டேபிள்ல காலை பத்து மணிக்கு கிளாஸ். காலை பத்து மணிக்கு நடவு வயல்ல இருக்கிற பொண்ணு எப்படி கேமரா முன்னாடி உட்காரும்? வீட்டுல இருக்கிறது ஒரே போன், அதையும் அப்பா எடுத்துக்கிட்டு நெல் விதை வாங்கப் போயிட்டார். அண்ணன் இருந்தா அண்ணனுக்கும் அதே பத்து மணிக்கு கிளாஸ். ரெண்டு பேர்ல போன் யாருக்குப் போகும்னு நான் சொல்லவே வேண்டாம்.

ஊர் நண்பர்கள் சிலர் "அதான் 2021 ஜனவரியில அரசாங்கம் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்துச்சே"ம்பாங்க. ஆமா, கொடுத்துச்சு. தமிழ்நாடு முழுக்க ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு, ஏப்ரல் வரைக்கும். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கணக்கைப் பார்க்கலாம் வாங்க. ஒரு வீடியோ கிளாஸ் நொடிக்கு 500 கிலோபிட் இழுக்குதுன்னு வைங்க. ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி. அஞ்சு கிளாஸ்னா ஒரு ஜிபிக்கு மேல. அப்ப 2 ஜிபிக்குள்ள அடங்கிடுதே, பிரச்சினை எங்க? டேட்டா கார்டு டேட்டாவைக் கொடுக்கும், டவரைக் கொடுக்காது. நொடிக்கு 500 கிலோபிட் இடைவிடாம ஒரு மணி நேரம் வரணும். எங்க கிராமங்கள்ல ஓட்டு வீட்டுக்குள்ள போனா சிக்னல் போயிடும். தென்னந்தோப்புல ஒரு மூலையில ரெண்டு கோடு காட்டும், அங்க போய் நின்னா மழை வரும். பாக்கெட்ல 2 ஜிபி பத்திரமா இருக்கும், கிளாஸ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

சரி, இதுக்கு விவசாயி என்ன பண்ணினான்? கடைமடையில ஏரி வெட்டினான். கால்வாய்ல முறை வர்றப்ப தண்ணியை ஏரியில நிரப்பிக்கிட்டு, முறை இல்லாத நாள்ல ஏரியிலேர்ந்து பாய்ச்சிக்கிட்டான். தண்ணி வர்ற நேரமும் பயிருக்கு வேணுங்கிற நேரமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லைன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்த மண்ணுல தெரியும். நாங்க பண்ணினதும் அதேதான். "நேரலைங்கிறதைக் கட்டாயமா வைக்காதீங்க. ராத்திரி சிக்னல் நல்லா இருக்கிறப்ப இறக்கிக்கட்டும், வேணுங்கிறப்பப் படிச்சுக்கட்டும்"னு ஒவ்வொரு துறையா போய்ச் சொன்னோம்.

அதுக்கு மூடில் எப்படி உதவுதுன்னு கேளுங்க. அதோட செயலியில பாடத்தை மொத்தமா போன்ல இறக்கி வச்சுக்கலாம். இணையம் இல்லாமலே படிக்கலாம். ஆசிரியர் அமைப்புல ஒரு இடத்துல அனுமதி கொடுத்தா, க்விஸைக்கூட ஆஃப்லைன்ல எழுதி, அப்புறம் சிக்னல் கிடைக்கிறப்ப அனுப்பலாம். அந்த ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறதே நிறைய காலேஜ்ல தெரியாது. என் வேலையில பாதி, இருக்கிற டிக் பாக்ஸைக் காட்டிக் கொடுக்கிறதுதான்.

இது ஏன் இப்படி இருக்குங்கிறதுக்குத்தான் அந்தக் கதை. மூடிலை எழுதினவர் மார்ட்டின் டுகியமாஸ்னு ஒரு ஆஸ்திரேலியர். முதல் பதிப்பு 2002ல வந்துச்சு. அவர் சின்னப் பையனா வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்துல, ரொம்ப உள்ளடங்கின ஒரு இடத்துல. பக்கத்துல பள்ளிக்கூடம் கிடையாது. "ஸ்கூல் ஆஃப் தி ஏர்"னு சிற்றலை ரேடியோவுல பாடம் நடக்கும், புத்தகமும் வீட்டுப்பாடமும் விமானத்துல வரும். அப்படிப் படிச்ச ஆள் எழுதின மென்பொருள். யாரு வேணும்னாலும் இலவசமா எடுத்துத் தன் சர்வர்ல போட்டுக்கலாம். இதை எங்க பசங்ககிட்ட சொல்றப்ப முகத்துல ஒரு மாற்றம் தெரியும். இது ஏதோ பெரிய நகரத்துல ஏசி ரூம்ல உட்கார்ந்து செஞ்சு நமக்கு அனுப்பினதுன்னு நினைச்சுக்கிட்டிருப்பாங்க. அவனும் நம்மள மாதிரிக் கடைமடைக்காரன்தான்!

அடுத்தது எடை. எங்க வேலையில நான் அடிக்கடி சொல்ற வார்த்தை அது. பாடத்துக்கு எடை இருக்கு. ஒரு மணி நேர வீடியோ 225 எம்பின்னு பார்த்தோம். அதே பாடத்தை இருபது நிமிஷக் குரல் பதிவா, நொடிக்கு 16 கிலோபிட்ல வச்சா எவ்வளவு வரும்? வெறும் 2.4 எம்பி. பேச்சுக்குரல் அந்த அளவுலேயே தெளிவாக் கேட்கும். 2012ல தரப்படுத்தின ஓபஸ்ங்கிற ஒலி வடிவம் அதுக்குத்தான் இருக்கு, உங்க வாட்ஸ்அப் குரல் செய்தி ஓடறதும் அதுலதான். கூடவே எட்டுப் பக்கம் பிடிஎஃப். மொத்தமும் மூணு, நாலு எம்பிக்குள்ள முடிஞ்சிடும். ஒரு வீடியோ கிளாஸ் எடையில ஐம்பது பாடத்துக்கு மேல அனுப்பலாம். இதைச் சொன்னா சில பேர் "பழைய காலத்துக்குப் போற மாதிரி இருக்கே"ம்பாங்க. இருக்கட்டுமே, பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டிருக்கிற நீங்களே சொல்லுங்க, குரல் மட்டும் போதாதா?

இப்ப ஆசிரியர்கள் பக்கம் வரேன். பேசறவங்க இவங்களை ரொம்பச் சுலபமா "டெக்னாலஜி தெரியாதவங்க"ன்னு தள்ளிடுவாங்க. எனக்கு அதுல கோபம் உண்டு. அரசுக் கல்லூரிகள்ல நிறைய பேர் கௌரவ விரிவுரையாளர்கள். தொகுப்பூதியத்துல, சொந்தப் போன்ல, சொந்த ரீசார்ஜ்ல பாடம் நடத்தினவங்க. முப்பது வருஷமா கரும்பலகை முன்னாடி நின்னு வகுப்பையே கட்டிப்போட்ட ஒரு தமிழ் மேடம், அம்பத்தஞ்சு வயசுக்கு மேல, என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, நான் பேசறதைப் பதிவு பண்ணினா அது எங்கெல்லாம் போகும்?" அது தொழில்நுட்பம் தெரியாத கேள்வியா? எனக்குத் தெரிஞ்சு ரொம்பச் சரியான கேள்வி அது. ஒரு சொல் தடுமாறினா அதை வெட்டி மீம் போடற காலம். அவங்க பயந்தது பொத்தானை இல்லை, வாட்ஸ்அப் குரூப்பை.

பதில் நேர்மையா சொன்னேன். "போனா போகும் மேடம், தடுக்க முடியாது. ஆனா முகம் வேண்டாம். கையும் குரலும் போதும்." அவங்க வீட்டுல கண்ணாடி போட்ட டீப்பாய் ஒண்ணு இருந்துச்சு. மேல போனைக் கவுத்து வச்சு, கீழ வெள்ளைத் தாள் வச்சு எழுதினா, எழுதற கை அப்படியே பதிவாகும். செலவு சுழியம். யாப்பிலக்கணத்தை அசை அசையா பிரிச்சு எழுதி அந்த மேடம் போட்ட பாடங்களை வேற காலேஜ் பசங்களும் கேட்டு வாங்கினாங்க. முகம் தெரியாததால மேடத்துக்குக் கூச்சம் போயிடுச்சு, சிரிப்புக்கூட வந்துச்சு பதிவுல.

இன்னொரு தொல்லை, வெளியூர்க்காரங்களுக்குப் புரியவே புரியாது. எழுத்துரு. இந்த மேடம் மாதிரி ஆட்கள் இருபது வருஷமா சேர்த்து வச்ச வினாத்தாள், குறிப்பு எல்லாம் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள்ல இருக்கும். அவங்க கணினியில அழகா தமிழாத் தெரியும். மூடில்ல ஒட்டினா, "தமிழ்"ங்கிற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு வந்து நிக்கும். அரசாங்கம் 2010லேயே யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. ஆனா கோப்புகள் அரசாணையைப் படிக்காது இல்லையா? "என் இருபது வருஷ உழைப்பைக் கம்ப்யூட்டர் தின்னுடுச்சு"ன்னு ஒரு சார் உட்கார்ந்துட்டார். என்ஹெச்எம் மாதிரி எழுத்துரு மாற்றி ஒண்ணு வச்சு ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். அவரோட மொத்தக் குறிப்பும் யூனிகோடா மாறிடுச்சு. ஒற்று சில இடத்துல பிசகியிருந்ததை அவரே திருத்தினார். அதுக்கு அப்புறம் அவர் தன்னோட கோப்புல எந்தச் சொல்லையும் தேடிக் கண்டுபிடிக்கலாம்னு தெரிஞ்சப்ப சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு புலவர் பேரா தட்டித் தேடிக்கிட்டே இருந்தார். ஆன்லைன் வகுப்புக்குப் பயிற்சின்னு ரெண்டு நாள் ஸ்லைடு போடறாங்களே, அதுல இந்த எழுத்துரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. தமிழ்த் துறைக்கு முதல் மணி நேரமே இதுதான் வேணும்.

தேர்வு வந்துச்சு. வீட்டுல உட்கார்ந்து தாள்ல எழுதி, படம் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி ஏத்தணும். பத்துப் பக்கம், பக்கத்துக்கு 4 எம்பி போட்டோன்னா 40 எம்பி. ஏறவே ஏறாது. அதே பக்கத்தை ஸ்கேன் செயலியில கறுப்பு வெள்ளையா எடுத்தா மொத்தமே ரெண்டு மூணு எம்பிதான். பசங்க எல்லாரும் பழகியிருந்த கேம்ஸ்கேனர் செயலியை 2020 ஜூன் கடைசியில மத்திய அரசு தடை செஞ்சுடுச்சு, டிக்டாக்கோட சேர்த்து. டிக்டாக் போனதுக்கு நாடே பேசுச்சு, கேம்ஸ்கேனர் போனதுக்கு என் போன் மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் இருக்குன்னு ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆச்சு. சர்வர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 300 பேர், ஆளுக்கு 10 எம்பி, கடைசிப் பத்து நிமிஷத்துல ஏத்தினா நொடிக்கு 40 மெகாபிட் வேணும். ஆளுக்கு 3 எம்பி ஆக்கிட்டு, ஏத்தற நேரத்தை ஒரு மணி நேரமா நீட்டிட்டா 2 மெகாபிட்லேயே முடிஞ்சிடும். பெரிய சர்வர் வாங்கக் காசு கேட்டுக் கடிதம் எழுதறதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கல் வகுத்தலைப் போட்டுப் பார்க்கணும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வரேன். வருகைப்பதிவு. பல்கலைக்கழக விதி பொதுவா 75 சதவீதம். அதுக்குக் கீழ போனா தேர்வு எழுத விடறது கஷ்டம். நேரலை கிளாஸ்ல பேர் தெரிஞ்சாத்தான் வருகைன்னு ஒரு வகுப்புல வச்சிருந்தாங்க. ஒரு பொண்ணுக்கு ரொம்பக் குறைஞ்சிடுச்சு. "படிக்கிறதுல ஆர்வம் இல்லை, வீட்டுல கல்யாணம் பேசறாங்க போல"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் மூடில்ல அந்தப் பொண்ணோட பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ராத்திரி பதினொண்ணே கால், பதினொண்ணே முக்கால். பாடம் இறக்கியிருக்கு, க்விஸ் எழுதியிருக்கு, ஒண்ணுகூட விடலை. வகுப்பிலேயே அவ்வளவு ஒழுங்கா படிச்சவங்க நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க. போன் கைக்கு வர்றது வீட்டுல எல்லாரும் தூங்கின பிறகு, அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தாளை எடுத்துக்கிட்டுத் துறைத்தலைவர் மேடத்துக்கிட்ட போனேன். மேடம் ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இந்த நேரம் எல்லாம் சரியா தம்பி? மிஷின் தப்பா காட்டாதே?"ன்னு கேட்டாங்க. "சரிதான் மேடம், நான் நேரம் ஒத்திருக்கான்னு பார்த்துட்டேன்"னேன். பாடம் இறக்கி, அன்னைக்கு உள்ள க்விஸை முடிச்சிருந்தா அது வருகைன்னு மேடம் அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு மட்டுமில்லை, மொத்த வகுப்புக்கும். ஏழெட்டுப் பேர் 75ஐத் தாண்டினாங்க. அதுல ஒருத்தர் தவிர எல்லாரும் பொண்ணுங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் இதைச் சொன்னப்ப, "அண்ணா, நான் படிச்சது அதுல தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

ஆன்லைன்லேயே எல்லாம் முடியும்னு நான் சொல்லலை. கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளை மாட்டோட வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுச் சினை பார்க்கக் கத்துக்கணும். எந்த வீடியோவும் அந்தக் கைக்குப் பழக்கம் தராது. நாத்து நடறதும் அப்படித்தான். ஆனா அந்தப் பிள்ளை மாட்டுக்கிட்ட வர்றதுக்கு முன்னாடி உள்ள எலும்பு, நரம்பு, கருப்பை எது எங்க இருக்குன்னு பத்துத் தடவை பார்த்துட்டு வந்தா, மாட்டுக்கும் தொந்தரவு குறையும். செய்முறைக்கு முந்தின நாள் ராத்திரி பார்க்கறதுக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் லாயக்கு. அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்த்தா ஏமாத்தம்தான்.

கொரோனா முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு இதெல்லாம்னு நினைக்கலாம். முடியலை. ஸ்வயம் மாதிரி தளத்துல படிச்சு 40 சதவீதம் வரைக்கும் கிரெடிட் எடுக்கலாம்னு யுஜிசி 2021ல விதி போட்டாச்சு. 2022லேர்ந்து நான் முதல்வன் படிப்புகள் வேற. வடகிழக்குப் பருவமழையில லீவு விட்டா "ஆன்லைன்ல எடுத்துடுங்க"ன்னு ஒரு செய்தி வந்துடும். மழை லீவுன்னா எங்க ஊர்ல கரன்ட்டும் லீவுங்கிறதை யோசிக்க மாட்டாங்க. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடிச்சப்ப தென்னை மரம் சாய்ஞ்ச வேகத்துலேயே மின்கம்பமும் சாய்ஞ்சுது. கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்காச்சு. ஜெனரேட்டர் வச்சிருந்த இடத்துல வரிசையில நின்னு போனுக்கு சார்ஜ் ஏத்தினோம். அதைப் பார்த்தவன் நான். அதனால புயல் எச்சரிக்கை வந்த உடனே நான் பண்ற முதல் வேலை, அடுத்த ரெண்டு வாரப் பாடத்தை முன்கூட்டியே திறந்து விட்டு, "இன்னைக்கே இறக்கிக்கங்க"ன்னு செய்தி அனுப்பறது. காலேஜ் சுற்றறிக்கை வர்றதுக்குள்ள பாதிப் பிள்ளைங்க போன்ல பாடம் இருக்கும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலான காலேஜ்ல ஆளே கிடையாது. கணினித் துறையில சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருத்தர் தலையில "கூடுதல் பொறுப்பு"ன்னு கட்டிடுவாங்க. அவங்க சொந்த கிளாஸையும் எடுத்துக்கிட்டு, ராத்திரி அடுத்தவங்க பாஸ்வேர்டையும் மாத்திக் கொடுப்பாங்க. லேப்டாப்புக்கு நிதி ஒதுக்கறாங்க, மென்பொருளுக்கு ஒதுக்கறாங்க. போனை எடுத்துத் தமிழ்ல பொறுமையா பதில் சொல்ல ஒரு ஆளுக்கு ஒதுக்கறதில்லை. கால்வாய்க்கு மடை திறக்க லஸ்கர்னு ஒரு ஆளைப் பொதுப்பணித்துறையில வச்சிருந்தாங்க. அந்த ஆள் வரப்புல நடந்து வரலைன்னா அணை நிறைஞ்சிருந்தும் கடைமடை காயும்.

இதைக் கேட்கிறவங்கள்ல கல்லூரியில வேலை பார்க்கிறவங்க இருந்தா ஒரு சின்ன வேலை. நீங்க ஏத்தின பாடத்தை உங்க ஆபீஸ் வைஃபைல பார்க்காதீங்க. நாலு வருஷப் பழைய போன் ஒண்ணை எடுத்துக்கிட்டு, பஸ்ல ஒரு இருபது கிலோமீட்டர் போய் இறங்கி, அங்க திறந்து பாருங்க. திறக்கலைன்னா எடையைக் குறைங்க. மாணவர்கள் கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னா, உங்க ஆசிரியர்கிட்ட குரல் பதிவும் பிடிஎஃப்பும் வேணும்னு கூச்சப்படாம கேளுங்க. நாலு பேரா சேர்ந்து கேட்டா கொடுத்துடுவாங்க. எங்க உதவி எண்ணை ராத்திரி ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் திறந்து வச்சிருக்கோம், அழைப்பு அதிகமா வர்றது அப்பத்தான். இப்ப எட்டேமுக்கால் ஆகுது, நான் கிளம்பறேன்.